பச்சைக் கோட்டு மணியத்தை விசாரிக்கப் போனேன்

செல்வி, தேனு, உங்கள் இரண்டு பேருக்கும்.

சிங்கப்பூரில் என்னப்பா பார்த்தீங்க என்று கேட்டீர்கள். நான் மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள். தண்ணீர் கக்கும் சிங்கச் சிலையை நான் பார்க்கவில்லை. பெரிய ராட்டினத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஐந்து நாளும் நான் பார்த்ததெல்லாம், ஒரே ஒரு மனிதரைப் பற்றி வாய் ஓயாமல் வாதாடுகிற ஆட்களைத்தான்.

அந்த மனிதர் மணியம் என்று செல்விக்குத் தெரியும். தேனுவுக்காகச் சொல்கிறேன். அவர் சிங்கப்பூரில் ஒரு கால்பந்துக் கிளப்புக்குப் பல வருஷம் மேனேஜராக இருந்தவர். பாங்கு மேனேஜர் மாதிரி இல்லை. யார் ஆட வேண்டும், யார் வெளியே உட்கார வேண்டும், யாரைப் பாதியில் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்கிறவர்தான் அங்கே மேனேஜர். திண்டுக்கல்லில் நடந்த போட்டிக்கு விருந்தாளியாக வந்தவர், உன் அக்கா ஆடியதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளையோட இடது கால் எனக்கு வேணும்" என்று மைக்கிலேயே சொன்னார். உங்கள் அம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "காலை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போவாரா?" என்றாள்.

தஞ்சாவூரில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி விடுதி தொடங்குகிறார். இரண்டு வருஷம் அங்கேயே தங்கி, படித்துக்கொண்டே ஆட வேண்டும். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்று வீட்டுக்கு வந்தது. அம்மா தஞ்சாவூருக்குப் போய் விடுதியைப் பார்த்தாள், வார்டன் அம்மாவிடம் பேசினாள், சமையலறையில் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு வந்தாள். "இடம் நல்லா இருக்கு. ஆள் எப்படின்னு நீ விசாரி" என்று மீதியை என்னிடம் தள்ளிவிட்டாள்.

விசாரிப்பது என்றால் நமக்குத் தெரிந்த விசாரணை ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. அந்த ஆள் இருக்கிற தெருவுக்குப் போக வேண்டும். நாம் யாரென்று சொல்லக் கூடாது. டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு, "இந்தப் பக்கம் இன்னார்னு ஒருத்தர்..." என்று இழுக்க வேண்டும். சொந்தக்காரரிடம் கேட்கக் கூடாது, சண்டைக்காரரிடம் மட்டும் கேட்டுவிட்டும் வரக் கூடாது. என்னைப் பற்றி விசாரிக்க உங்கள் அம்மாவின் சித்தப்பா வந்தபோது, ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னிடமே வந்து, "வேன் ஓட்டுற வேலுச்சாமி எப்படிப்பட்ட ஆளுங்க?" என்று கேட்டார். "தங்கமான பையனுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

மணியத்தின் தெரு சிங்கப்பூரில் இருந்தது. கப்பல் பட்டறையில் வேலை செய்யும் உங்கள் முருகேசன் மாமா, "மாமா, ஒரு தடவை வந்துட்டுத்தான் போங்களேன்" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, மாமா தங்கும் விடுதியில் வெளியாட்களைத் தங்க விட மாட்டார்கள், அவருக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு என்று. நான் போய் இறங்கியது வியாழக்கிழமை. தேக்கா பக்கத்தில் ஒரு மாடியில் எனக்குப் படுக்கை பிடித்துக் கொடுத்திருந்தார். அறை இல்லை, படுக்கை. ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. என் மேல் படுக்கைக்காரரின் பாதத்தைத் தவிர வேறு எதையும் நான் கடைசி வரை பார்க்கவில்லை. இடது குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

தேக்கா என்பது சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளும் ஒரே கட்டடத்தில் இருக்கிற இடம். கீழே மீன், காய்கறி, ஆட்டுக்கறி. முருங்கைக்காய் நம் ஊரிலிருந்து வந்ததுபோல் இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர், "வாங்குறீங்களாண்ணே?" என்றார். "இல்லீங்க, எங்க ஊர்க்காய் மாதிரி இருக்குது." அவர் சிரிக்கவில்லை. தினமும் நாலு பேர் அப்படிச் சொல்வார்களாயிருக்கும்.

மதியம் சோறு வாங்கிக்கொண்டு ஒரு மேசை தேடினேன். எல்லாம் நிரம்பியிருந்தது. ஒன்று மட்டும் காலியாக, அதன்மேல் ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட். பரவாயில்லையே, கை துடைக்கக் காகிதமெல்லாம் வைத்திருக்கிறார்களே என்று உட்கார்ந்து, பிரித்து, ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்தேன். ஒரு அம்மா தட்டோடு வந்து நின்றார்.

"அண்ணே, அது என் இடம்."

"பேர் எதுவும் எழுதலையேம்மா?"

"டிஷ்யூ வச்சிருக்கேன்லா!"

அந்த 'லா' சிங்கப்பூர்ப் பேச்சின் வால், அங்கே எல்லாரும் சேர்த்துக்கொள்கிறார்கள். மற்றது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பழனி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். இங்கே துண்டுக்குப் பதில் டிஷ்யூ. வெட்கமாகப் போய்விட்டது, எழுந்துவிட்டேன். அவர், "உக்காருங்க, உக்காருங்க. பிரிச்சிட்டீங்க, அதை நீங்களே வச்சுக்குங்க" என்று எதிரில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணையை ஆரம்பித்தேன். தேக்கா மாடியில் தையல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மேனேஜராக இருந்தபோது மணியம் ஆட்டத்துக்கு ஆட்டம் கிளிப்பச்சை நிறத்தில் கோட்டுப் போட்டு வருவார், அதைத் தைத்தவர் இங்கேதான் இருக்கிறார் என்று மாமா சொல்லியிருந்தார். பெயர் காதர் பாய். போய் உட்கார்ந்தேன். பேன்ட் நீளத்தைக் குறைக்கக் கொடுத்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். பிறகு இழுத்தேன்.

"இந்தப் பக்கம் மணியம்னு ஒருத்தர்... குணம் எப்படிங்க? குடும்பம் எப்படி? குடிப்பாரா?"

காதர் பாய் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"பொண்ணு இருக்கா?"

"இருக்குதுங்க."

"யா அல்லா. அண்ணே, அவருக்கு எழுபது வயசு ஆகுதுலா! பேரன் காலேஜ் போறான்!"

பக்கத்துக் கடைப் பெண் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. நான் மாப்பிள்ளை பார்க்க வரவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. விசாரணையின் முதல் விதியே அங்கே போச்சு.

"அந்தக் கோட்டு இருக்கே, அது சோபா உறைக்கு வாங்குன துணி" என்றார் காதர் பாய். "வேணாம், சூடு தாங்காதுன்னேன். கேக்கல. 'பாய், மைதானத்துல எந்த மூலையில இருந்து பாத்தாலும் நான் தெரியணும். தோத்தா என்னைத் திட்டட்டும், பிள்ளைங்களைத் திட்டக் கூடாது'ன்னாரு. இது அவர் சொன்னது. ஆனா ஜெயிச்சப்பவும் அவர்தானே தெரிஞ்சாரு? அதைக் கேட்டா பதில் சொல்ல மாட்டாரு."

"நல்லவரா கெட்டவரா, அதைச் சொல்லுங்க."

"வாய் பெருசு. மனசை அளக்க என்கிட்ட டேப் இல்லண்ணே."

கீழே வந்து தோசை வாங்கினேன். அன்றைக்கு நானும் பழக்கக்காரன் மாதிரி முதலில் டிஷ்யூவை வைத்து இடம் பிடித்தேன். தட்டோடு வந்து உட்கார்ந்த பிறகு, பாக்கெட்டை எடுக்க மனமில்லாமல் எதிர் நாற்காலிக்கு நேராக நகர்த்தி வைத்தேன். பார்க்கிறவர்கள், இவருக்கு யாரோ வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். தோசைக்கு மூன்று சட்னி. சிவப்புச் சட்னி அம்மா செய்வதைவிடக் காரம். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை காலை குவீன்ஸ்டவுன் போனேன். பழைய அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பகுதி. அங்கே ஒரு சின்ன மைதானம். அதுதான் மணியத்தின் கிளப் ஆடிய இடம். பஸ்ஸுக்கு நின்றேன். சரியான நம்பர் வந்தது, என் முகத்துக்கு நேராக வந்தது, நிற்காமல் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவதுக்கு முன் ஒரு சீனப் பாட்டியம்மா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தன் கையை நீட்டிக் காட்டினார். கை காட்டினால்தான் நிற்குமாம். நம் ஊரில் கை காட்டினால் இன்னும் வேகமாகப் போவான். பதினேழு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன் நான். சாலையோரத்தில் நிற்கிறவனாக எனக்கு அனுபவம் போதவில்லை.

மைதானத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. அங்கே இரண்டு பெரியவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நாதன், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஹசான், மலாய்க்காரர். ஹசான் மலாயில் சொல்வதை நாதன் எனக்குத் தமிழில் சொல்வார், ஹசான் சந்தேகப்பட்டு, சரியாகச் சொன்னாயா என்று கேட்பார். இரண்டு பேரும் அந்தக் கிளப்பின் ரசிகர்கள். நான் வேன் டிரைவர், பஸ்ஸைக் கோட்டைவிட்டேன், மகளுக்காக வந்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மணியம் என்ற பெயரை எடுத்ததும் காப்பி ஆறிப்போயிற்று.

"அதோ அந்த பிளாக் தெரியுதா, பதினோராவது மாடி?" என்றார் நாதன். "நடுவர்கிட்ட சண்டை போட்டதுக்கு மணியத்தை மூணு ஆட்டத்துக்கு மைதானத்துக்குள்ள விடல. என்ன பண்ணாரு? அந்த வீட்டுக்காரம்மாவைக் கேட்டு, துணி காயப் போடுற மூங்கிலை வாங்கி ஜன்னல் வழியா நீட்டுனாரு. சிவப்புச் சட்டை தொங்குனா முன்னேறு. வெள்ளைத் துண்டு தொங்குனா பின்னாடி நில்லு. எதிர் டீம் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்குது!"

ஹசான் ஏதோ சொன்னார். நாதன் முகத்தைச் சுளித்தார்.

"என்ன சொல்றாருங்க?"

"அந்த ஆட்டத்துல மூணு கோல் வாங்கித் தோத்தோம்ங்கிறான். பின்ன, நடுவுல மழை வந்து அந்தம்மா துணியை எடுத்துட்டாங்கலா!"

காப்பி கொண்டுவந்த சீன அம்மாவும் அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நாதன் மொழிபெயர்த்தார்: "கத்துவாரு, கத்துவாரு, அப்புறம் எல்லாருக்கும் மைலோ வாங்கிக் கொடுப்பாரு." மைலோ என்பது நம் ஊர் போர்ன்விட்டா மாதிரி. இதுவரை கேட்ட விசாரணையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் ஹசான் விடவில்லை. மேசையைத் தட்டிவிட்டு ஒரு பெயர் சொன்னார். சேகர். நாதன் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

அந்தக் கதை இதுதான். கோப்பையின் கடைசி ஆட்டம். சேகர் கோல்கீப்பர். ஆட்டம் முழுக்கப் பறந்து பறந்து தடுத்திருக்கிறார். சமநிலை. முடிய ஒரு நிமிஷம். அடுத்து பெனால்டி. தேனு, பெனால்டி என்றால் கோல்கீப்பர் தன்னந்தனியாக நிற்க, எதிரே ஒவ்வொருவராக வந்து உதைப்பது. அந்த நேரத்தில் மணியம் கையை ஆட்டி சேகரை வெளியே கூப்பிட்டார். ஒரு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையனை உள்ளே அனுப்பினார். தோற்றார்கள். சேகருக்கு அப்போது இருபத்தொரு வயது. அதற்குப் பிறகு அவர் கையுறையே போடவில்லை.

"அவ்வளவு பேர் முன்னாடி அந்தப் பிள்ளையை அவமானப்படுத்தினாரு. அதை நான் மன்னிக்க மாட்டேன்." இது ஹசான்.

"சேகருக்கு விரல் உடைஞ்சிருந்துச்சு. வெளியில சொல்லாம பழியைத் தான் வாங்கிக்கிட்டாரு மணியம்." இது நாதன்.

"உனக்கு யார் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது."

இதை அவர்கள் பதினைந்து வருஷமாகப் பேசுகிறார்களாம். கிளம்பும்போது நாதன் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். "சேகர் இப்ப ஸ்கூல் பஸ் ஓட்டுறான். நாங்க யாரும் அவன்கிட்ட கேட்டதில்ல. நீங்க பொண்ணைப் பெத்தவரு. கேட்டுப் பாருங்க."

ஸ்கூல் பஸ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே வந்து மூன்று நாளில் எனக்குத் தெரிந்த முதல் உத்தியோகம்.

சனிக்கிழமைகளில் சேகர் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சைனாடவுன் வருவார். சீனர்கள் பகுதி, ஆனால் நடுவில் நம் மாரியம்மன் கோயில். சாமி கும்பிட்டுவிட்டுப் போனேன். கோயிலுக்குள் ஒரே குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். யாரோ ஒருவர் என்னிடம் போனைக் கொடுத்து அவர்களை நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு, போனை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சேகரின் பஸ் இரண்டு தெரு தள்ளி நின்றது. நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓட விட்டு ஏசி போட்டால் அபராதமாம். ஜன்னலைத் திறந்துவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தோம். நானும் வேன் டிரைவர் என்றதும் டயர், டீசல், பெல்ட் போடாமல் எழுந்து நிற்கிற பிள்ளைகள் என்று பேச்சு ஓடியது. "சீட்டுக்கு அடியில என்னென்ன கிடைக்கும் உங்களுக்கு?" என்று கேட்டார். "பாதி தின்ன முறுக்கு, ஒத்தை ஷூ." "எனக்கும் ஒத்தை ஷூதான்லா! இன்னொரு ஷூ எங்கதான் போகுது?" மூன்று நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

அவருடைய வலது கை மோதிர விரல் வளைந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"நாதன் அங்கிள் சொன்னாரா? இது அப்ப உடைஞ்சதில்லண்ணே. ரெண்டு வருஷம் கழிச்சு பஸ் கதவுல மாட்டிக்கிச்சு."

"அப்ப எதுக்கு உங்களை வெளியே எடுத்தாரு?"

"தெரியாது. நான் கேக்கல. அவரும் சொல்லல. வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கோட வருவாரு. உக்காருவாரு. என் பொண்ணு படிப்பை விசாரிப்பாரு. வாசல் வரைக்கும் போயி ஏதோ சொல்ற மாதிரி நிப்பாரு. அப்புறம் ஷூவை மாட்டிக்கிட்டுப் போயிடுவாரு."

"கோபமா இருக்கா?"

ஸ்டியரிங்கைத் தடவினார். "கோபம் போயிடுச்சுண்ணே. ராத்திரி பகல்னு இல்லாம எப்பவாவது சிக்னல்ல நிக்கிறப்ப நினைப்பு வரும். நான் தடுத்திருப்பேனா மாட்டேனான்னு. அதை என்னைத் தெரிஞ்சுக்க விடலையே."

"சொல்லிக் கொடுக்கிறதுல எப்படி?"

"அவரை மாதிரி ஆள் கிடையாது. எனக்குப் பந்து எந்தப் பக்கம் வரும்னு உதைக்கிறவன் இடுப்பைப் பாத்துச் சொல்லக் கத்துக் கொடுத்தது அவர்தான்."

"என் பொண்ணை அனுப்பலாமா? உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?"

பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். "என் பொண்ணு நீச்சல்ணே" என்றார்.

படுக்கைக்குத் திரும்பி, திரையை இழுத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன். அவர்கள் அப்பா அம்மா யாரும் என்னைப் பற்றி டீக்கடையில் விசாரித்ததில்லை. கதவைத் திறந்து ஏற்றிவிட்டுக் கையாட்டுகிறார்கள். நான் ஒரு பிள்ளையை அனுப்ப ஒரு நாட்டையே விசாரிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நடக்க இடமில்லை. வேலைக்கு வந்த நம் ஆட்கள் அத்தனை பேரும் அன்று அங்கேதான். புல்வெளி, நடைபாதை, படிக்கட்டு எங்கும் உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "சாப்டியா? பாப்பா எங்க? காட்டு" என்கிறார்கள். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு தமிழ்ச் சத்தத்தில், என் பெயரைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. மாமா மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். பிரியாணி வாங்கி, எதிரே டிஷ்யூ பாக்கெட்டை வைத்துக் காத்திருந்தேன். போன் வந்தது. "மாமா, தப்பா நினைக்காதீங்க, திடீர்னு ஓவர்டைம் போட்டுட்டாங்க." பரவாயில்லை மாப்ளே என்று சொல்லிவிட்டு, தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

"வேலுச்சாமி!"

நான் திரும்பவில்லை. வேறு வேலுச்சாமியாக இருக்கும்.

ஒரு கை டிஷ்யூ பாக்கெட்டைத் தள்ளி வைத்தது. எதிர் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தார். நரைத்த தலை, கிளிப்பச்சைச் சட்டை.

"நீங்கதானே எனக்குப் பொண்ணு குடுக்க வந்தவரு?"

மணியம். எழப் பார்த்தேன், உட்காரச் சொன்னார்.

"காதர் அன்னைக்கே போன் பண்ணிட்டான். பொண்ணு வீட்டுக்காரர் என்னை விசாரிச்சா நானும் விசாரிக்கணும்ல? கீழ முருங்கைக்காய்க்காரன்கிட்ட கேட்டேன்; காயை முகர்ந்து பாத்துட்டு வாங்காமப் போன ஆளுன்னான். நாதன், பஸ்ஸுக்குக் கை காட்டத் தெரியாத டிரைவர்ன்னான். நான் அரை மணி நேரமா அந்தத் தூண் பக்கத்துல நிக்கிறேன். டிஷ்யூவுக்குத் துணையா உக்காந்து சாப்பிடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

நானும் சிரித்துவிட்டேன். மனிதர் பேசினார், அப்பா, என்ன பேச்சு! மூங்கில் கதையை எழுந்து நின்று நடித்துக் காட்டினார், பக்கத்து மேசைக்காரர்கள் கை தட்டினார்கள். செல்வி, உன் இடது காலைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசினார். நீ பந்தை நிறுத்துவதற்கு முன்பே அடுத்து எங்கே அனுப்புவது என்று பார்த்துவிடுகிறாயாம். பதினேழு வருஷமாக உன்னைப் பார்க்கிறேன், எனக்கு அது தெரியாது.

கொஞ்சம் மூச்சு வாங்கியபோது கேட்டேன். "சேகரை எதுக்கு சார் எடுத்தீங்க?"

சட்டையின் நிறத்தைத் தவிர அவரிடமிருந்த எல்லாம் அணைந்துபோன மாதிரி இருந்தது. நான் வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"விரல் உடைஞ்சிருந்துச்சுன்னு நாதன் சொல்லியிருப்பான். சொல்லட்டும்னு விட்டுட்டேன். அதெல்லாம் இல்ல தம்பி. எல்லாரும் அசந்து போகணும்னு பண்ணேன். மணியம் மூளை யாருக்கு வரும்னு பேசணும்னு. அவ்வளவுதான். தப்பு."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

டிஷ்யூவை நாலாக மடித்தார்.

நான் படித்தவன் இல்லை; எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. "சார், என் பொண்ணு தப்பு பண்ணும். அதுக்கு நீங்க கத்துங்க, பரவாயில்ல. ஆனா நீங்களும் அவ விஷயத்துல தப்பு பண்ணுவீங்க. அன்னைக்கு அவகிட்ட வந்து சொல்லுவீங்களா? இல்ல, பதினஞ்சு வருஷம் முறுக்கு கொண்டுவருவீங்களா? அப்புறம் இன்னொண்ணு. நாலு நாளா நான் இங்க தனியாச் சாப்பிடுறேன். அது எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது. அங்க என் பிள்ளை தனியா தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தா, எதிர்ல யார் வந்து உக்காருவாங்க?"

அவர் என் பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவதுக்கு ஆள் இருக்கேன்" என்றார். "முதல்ல கேட்டது... எனக்கு வயசாயிடுச்சு. பழக்கம் இல்ல. பாக்குறேன்."

அதற்கு மேல் சத்தியமெல்லாம் செய்யவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் வாங்கவில்லை, கதையும் சொல்லவில்லை. நான் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சேகர்.

"அண்ணே, இன்னைக்குத் தீபாவளியா?"

"இல்லையே."

"காலையில பஸ்ஸை எடுக்கப் போறேன், கதவுகிட்ட முறுக்கு டின்னோட நிக்கிறாரு. உள்ள வந்து முன் சீட்டுல உக்காந்தாரு. டின்னை மடியில வச்சுக்கிட்டாரு. அப்புறம் அன்னைக்கு என்னை எதுக்கு எடுத்தாருன்னு சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நேரமாச்சு, இறங்குங்க கோச், பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்னேன்." போனில் மற்ற வண்டிகள் கடந்து போகிற சத்தம் கேட்டது. "இப்ப பஸ்ஸை ஓரமா நிறுத்தியிருக்கேன்ணே. பிள்ளைங்களை இறக்கிட்டேன். சும்மா உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

விமான நிலையத்தில் தரையெல்லாம் கம்பளம். அதில் உட்கார்ந்து, பெட்டியை மேசையாக்கி, என் கையெழுத்தைப் போட்டேன்.

செல்வி, படிவம் இந்தக் காகிதங்களுக்குப் பின்னால் இருக்கிறது. உன் கையெழுத்துக்கு ஒரு கோடு காலியாக இருக்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், காதர் பாய் சொன்னதும் ஹசான் சொன்னதும் நாதன் சொன்னதும் இதில் அப்படியே இருக்கிறது, நீயே படித்துக்கொள். நீ போகவில்லை என்றாலும் எனக்கு வருத்தமில்லை. உண்மையில் போகவில்லை என்றால் சந்தோஷப்படுவேன், அதனால்தான் முடிவை என் கையில் வைத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டில் சாப்பிட உட்காரும்போது உன் இடம் சுவரோரம். அதை இரண்டு வருஷம் எப்படிப் பார்ப்பது என்றுதான், மணியத்தைச் சாக்கு வைத்து அத்தனை தூரம் போய் விசாரித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

போவதென்று நீ முடிவு செய்தால், அந்த டிஷ்யூ பாக்கெட்டை உன் பையில் வைக்கிறேன். அங்கே தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வை. அந்த இடத்துக்கு ஆள் வரப்போகிறது என்று அர்த்தம். நானோ, அம்மாவோ, பச்சைச் சட்டையோ.

அதில் பத்து இருந்தது. தெரியாமல் நான் ஒன்று, மணியம் சார் ஒன்று. நேற்று தேனு ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டாள். ஏழு இருக்கிறது.